தரம் 3 படிக்கும் மகன் பொய் சொல்கிறான்: யாரைக் குற்றம் சொல்வது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். மகன் தரம் 3. போன கிழமை அவனுடைய புத்தகப் பைக்குள் வேறொரு பிள்ளையின் பென்சில் பெட்டி இருந்திருக்கிறது. கேட்டதற்கு, "கூட்டாளி தந்தவன்" என்றானாம். வகுப்பு ரீச்சருக்குப் போன் எடுத்தால், அந்தக் கூட்டாளி இரண்டு நாளாகப் பெட்டியைத் தேடி அழுதுகொண்டு திரிகிறான். தகப்பன் பூவரசங்கம்பால் நாலு போட்டும் "நான் எடுக்கேல்லை" என்பதிலேயே நின்றிருக்கிறான். "வீட்டில் தேவாரம் பாடாமல் இரவுச் சாப்பாடு இல்லை. ஞாயிறு அறநெறி வகுப்பும் தவறுவதில்லை. பிறகு இது எங்கேயிருந்து வந்தது ரீச்சர்? பள்ளிக்கூடமா, சேர்க்கையா, போனா, எங்கள் வளர்ப்பா?" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, நான் 31 வருசம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள். பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு தாய் மட்டும் வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்பார். அநேகமாக ஒரு குற்றவாளியையும் கையோடு கொண்டு வந்திருப்பார். பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை. நான் வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகன் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன நடந்திருக்கும்? அந்தப் பூவரசங்கம்பு உண்மைக்கும் விழுந்திருக்கும், பொய்க்கும் விழுந்திருக்கும். பொய்யிலே தப்புவதற்குக் கொஞ்சம் இடமாவது இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

நல்ல பிள்ளை, கூடாத பிள்ளை என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிப்பையே ஆட்டிவிட்ட ஒரு பழைய ஆய்வு உண்டு. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 8 வயது முதல் 16 வயது வரையான ஏறத்தாழ 11,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்து "நீங்களே திருத்துங்கள்" என்பார்கள். விளையாட்டில் எடுத்த புள்ளியைப் பிள்ளையே எழுத வேண்டும். சில இடங்களில் சில்லறைக் காசு கையில் அகப்படும். யார் எதை மாற்றினார்கள், எதை எடுத்தார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். முடிவு என்னவென்றால், ஒரு இடத்தில் களவு செய்த பிள்ளை இன்னொரு இடத்தில் நேர்மையாக நடந்தது. கணக்கில் பார்த்தெழுதியது காசைத் தொடவில்லை. காசை எடுத்தது விளையாட்டில் அளாப்பவில்லை. முழுக்க நேர்மையான பிள்ளைகளும் குறைவு, முழுக்கக் கள்ளமான பிள்ளைகளும் குறைவு. சமய வகுப்புக்குப் போவது மட்டும் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் நடப்பதுதான் தெளிவாகத் தெரிந்தது. பின்னர் அந்தக் கணக்குகளைத் திரும்பப் பார்த்தவர்கள், ஒரு பிள்ளைக்கென்று ஓரளவு பொதுவான போக்கும் இருக்கத்தான் செய்கிறது என்று திருத்தினார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் என் வகுப்பறை அனுபவம் அந்த முதல் முடிவின் பக்கம்தான் நிற்கும். மைதானத்தில் கிடந்த இரண்டு ரூபாய்க் குற்றியைக் கொண்டுவந்து மேசையில் வைத்த அதே சின்னப் பெண், கணக்குப் பாடத்தில் பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தாள். காசு அவளுக்குப் பயம் இல்லை. கணக்குப் பயம்.

ஆகவே "என் பிள்ளை கள்ளனாகிவிட்டானோ" என்ற பயத்தை முதலில் கீழே வையுங்கள். பென்சில் பெட்டி விசயத்தில் அவன் பிழை விட்டான். அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியும்.

வயதையும் பார்க்க வேண்டும். சுவிஸ் நாட்டு உளவியலாளர் ஜான் பியாஜே 1932 இல் எழுதியதை ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்திருப்போம், படித்துவிட்டு மறந்திருப்போம். அவர் பிள்ளைகளிடம் இரண்டு கதை சொல்லிக் கேட்டார். ஒரு பையன் சாப்பிடப் போகும்போது கதவைத் தள்ளுகிறான்; பின்னால் இருந்த 15 கோப்பைகள் தவறுதலாக விழுந்து உடைகின்றன. இன்னொருவன் தாய் இல்லாத நேரம் பார்த்து ஜாம் களவெடுக்க ஏறுகிறான். ஒரு கோப்பை உடைகிறது. யார் கூடாதவன்? ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 15 உடைத்தவனைத்தான் சொல்வார்கள். ஒன்பது, பத்து வயதில் "அவன் வேணுமென்று செய்யவில்லைத்தானே" என்று எண்ணத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். உங்கள் மகன் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். இன்றிரவு சாப்பாட்டு நேரம் அவனிடம் கேட்டுப் பாருங்கள்; ஜாமை மாம்பழமாக்கிக் கொள்ளுங்கள். பிறகு உங்களையும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவன் கைதவறி நல்ல கண்ணாடிக் கிளாசை உடைத்தபோது நீங்கள் போட்ட சத்தம் பெரிதா, தங்கச்சியைக் கிள்ளியபோது போட்ட சத்தம் பெரிதா? எங்கள் வீடுகளில் சத்தத்தின் அளவு பொருளின் விலையோடுதான் போகிறது. ஆக, பிள்ளை எண்ணத்தை விட்டுச் சேதத்தை எண்ணுவதற்கு நாங்களும் கொஞ்சம் பழக்குகிறோம்.

அடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இதில் நான் நீதிபதி இல்லை, குற்றவாளிக் கூண்டில் நின்றவள்.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்த காலத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கொட்டிலுக்குள் இரண்டு வகுப்பு. வந்த பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் முட்டி மோதிக்கொண்டு இருப்பார்கள். ஒருநாள் ஊர்ப் பிள்ளை ஒன்றின் பத்து ரூபாய்த் தாள் காணாமல் போய்விட்டது. அந்த நேரத்தில் அது காசுதான். எல்லோரும் ஒரே பொடியனைக் காட்டினார்கள். வந்த பிள்ளை, ஒரே சேர்ட்டை மூன்று நாள் போட்டிருந்தவன். நான் கேட்டேன். "நான் எடுக்கேல்லை ரீச்சர்" என்றான். ஒரு அடி. "நான் எடுக்கேல்லை." இன்னொன்று. நாலாவது அடிக்குக் கையை இழுத்துக்கொண்டு "எடுத்தனான்" என்றான். நான் பிரம்பைக் கீழே வைத்தேன். உண்மையை வெளியே கொண்டு வந்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு. இரண்டு நாள் கழித்து அந்தத் தாள், காசு தொலைத்த பிள்ளையின் தமிழ்ப் புத்தக உறைக்குள்ளேயே மடித்தபடி கிடந்தது.

மூன்று தரம் உண்மை சொன்னபோது அடித்தேன். பொய் சொன்னதும் நிறுத்தினேன். வேறு எந்தப் பாடத்தை நான் அவனுக்கு அத்தனை தெளிவாகப் படிப்பித்திருப்பேன் என்று தெரியவில்லை. அவனைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அடித்தது வகுப்புக்கு முன்னால். மன்னிப்பு மட்டும் கிணத்தடியில். அது இன்றைக்கும் உறுத்துகிறது. அடுத்த இடப்பெயர்வில் அவர்கள் குடும்பம் எங்கே போனது என்று தெரியாது.

பல வருசம் கழித்துத்தான் இதே விசயத்தை ஆய்வாகப் படித்தேன். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியலாளர்கள் மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு பள்ளிக்கூடங்களில் 3, 4 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2011 இல் எழுதினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பென்சில் கொண்டுவர மறந்தாலும் அடி, தலையில் குட்டு, கிள்ளு. மற்றதில் கண்டிப்பு வாயால்தான். பிள்ளைக்குப் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து, சத்தத்தைக் கேட்டு அது என்னவென்று சொல்ல வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆள் வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளியிலும் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வித்தியாசம். அடிக்காத பள்ளியில் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பொய் சொன்னார்கள். அடிக்கிற பள்ளியில் ஏறத்தாழ எல்லோரும். அதோடு, பொய்யைப் பிடிபடாமல் கொண்டு நடத்துவதிலும் அந்தச் சின்னஞ்சிறுசுகள் கெட்டிக்காரர். அடி பொய்யைக் குறைக்கவில்லை, பொய்யைத் தீட்டிக் கொடுத்திருக்கிறது.

இலங்கையில் பள்ளிக்கூடத்தில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே தடை செய்துவிட்டது. ஒரு மாணவனை ஆசிரியர் அடித்த வழக்கில் அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 இல் உயர் நீதிமன்றமும் சொன்னது. பிரம்புகள் அதற்குப் பிறகு அலுமாரிக்குப் பின்னால் போயின. சில இடங்களில் அலுமாரிக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது வெளியேயும் வருகின்றன, அதையும் மறைக்கத் தேவையில்லை. "அடியாத மாடு படியாது" என்று அதிபருக்கே எடுத்துச் சொல்லும் பெற்றோர்களையும் கண்டிருக்கிறேன்.

சரி, அடிக்காவிட்டால் என்ன செய்வது? சும்மா விடுவதா? மார்ட்டின் ஹொஃப்மன் என்ற ஆய்வாளர் பெற்றோர் கண்டிக்கும் விதங்களை மூன்றாகப் பார்த்தார். அடித்து, பறித்து, வெருட்டிக் கண்டிப்பது ஒன்று. "இனி அம்மா உன்னோடு கதைக்க மாட்டேன்" என்று அன்பை இழுத்துப் பிடிப்பது இன்னொன்று. எங்கள் ஊர் அம்மாமாருக்கு இது கைவந்த கலை. மூன்றாவது, பிள்ளை செய்தது மற்ற ஆளுக்கு என்ன செய்தது என்று காட்டுவது. "அவன் இரண்டு நாளாகக் கடதாசியில் எதையும் வரையாமல் இருந்திருக்கிறான். வீட்டில் அவனுக்கும் ஏச்சு விழுந்திருக்கும்." மற்றவரின் நிலையை நினைத்துப் பார்க்கிற பழக்கமும், யாரும் பார்க்காதபோதும் மனச்சாட்சி உறுத்துவதும் இந்த மூன்றாவது வழியில் வளர்ந்த பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இதற்கு நேரம் எடுக்கும் என்பதுதான் கரைச்சல். அடிக்கு அரை நிமிசம் காணும்.

தேவாரமும் அறநெறி வகுப்பும் இருந்தும் ஏன் என்று கேட்டீர்கள். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே, ஒழுக்கத்தைப் பாடமாக்கி மனனம் செய்ய வைப்பது எங்களுக்குப் பழகிப்போன வழி. நான் அதைக் குறைவாகப் பேச வரவில்லை. ஏடு தொடக்கிய நாளிலிருந்து காதில் விழுந்த வரிகள் நாற்பது வயதில் ஒருநாள் திடீரென்று அர்த்தம் கொடுக்கும், எனக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் எட்டு வயதில் "களவு கூடாது" என்று ஒப்புவிக்கத் தெரிவதும், பெட்டியைப் பார்த்ததும் கையை மடக்கிக் கொள்வதும் இரண்டு வெவ்வேறு திறமைகள். நீச்சல் விதிகளைப் பாடமாக்கிய பிள்ளையைக் கீரிமலைக் கேணிக்குள் தள்ளிவிட மாட்டோம் அல்லவா.

கதை சொல்வதிலும் எந்தக் கதை என்பது முக்கியம். அதே தல்வாரும் லீயும் வேறு சிலரும் 2014 இல் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கதைகளைச் சொல்லிவிட்டு, அந்தத் திரும்பிப் பார்க்கிற விளையாட்டையே வைத்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைக் கதை, நாங்கள் "புலி வருது" என்று சொல்லும் இடையன் கதை, சிறுவன் ஜோர்ஜ் வாஷிங்டன் செரி மரத்தை வெட்டிவிட்டுத் தகப்பனிடம் ஒப்புக்கொள்ளும் கதை. எதிலும் சேராத ஒரு கதையாக ஆமையும் முயலும். மூக்கு நீண்டதும் புலி அடித்ததும் ஆமை முயல் கதையைவிட ஒரு பலனும் தரவில்லை. செரி மரக் கதை கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையில் தகப்பன், மரம் போனாலும் பரவாயில்லை, நீ உண்மை சொன்னாயே என்று சந்தோசப்படுகிறார். ஆய்வாளர்கள் கதையின் முடிவை மாற்றி, உண்மை சொன்னதால் நன்மை கிடைத்ததை எடுத்துவிட்டபோது பலனும் போய்விட்டது. (வாஷிங்டன் உண்மையில் அப்படி ஒரு மரத்தை வெட்டினாரா என்பது வேறு, அந்தக் கதையே கட்டுக்கதை என்கிறார்கள். உண்மையைப் படிப்பிக்க ஒரு பொய்.) இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அரிச்சந்திரன் கதைதான் நினைவுக்கு வந்தது. நாடு போய், மனைவி விலைபோய், மகன் செத்துச் சுடலை காத்த பிறகுதான் உண்மைக்குப் பரிசு வருகிறது. மயான காண்டத்தைக் கோயில் வீதியில் விடிய விடிய பார்த்து அழுதவள் நான். பெரியவர்களுக்கு அது மகத்தான கதை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும் என்று யோசியுங்கள். உண்மை சொன்னால் வீடு வாசல் எல்லாம் போகும் என்றுதான்.

வீட்டுக்குள் நடக்கும் பாடங்கள் இன்னும் உண்டு. சீட்டுக் காசு கேட்டு ஆள் வந்தால் "அப்பா இல்லையெண்டு சொல்லு" என்று பிள்ளையைத்தான் படலைக்கு அனுப்புவோம். பள்ளிக்கூடத்தில் ஒப்படை கொடுத்தால் இரவிரவாக அம்மா செய்து, பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்புவோம். ஆசிரியருக்கும் தெரியும், அவரும் நல்ல புள்ளி போடுவார். பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் கூட்டுப் பொய் அது. 1961 இல் அல்பேர்ட் பண்டுரா ஸ்டான்ஃபோர்டில் 72 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த பொம்மைப் பரிசோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி, அதே வசனங்களோடு அடித்தார்கள். யாரும் அவர்களை அடிக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சில வீடுகளில் பிள்ளையிடம் "அந்த வீட்டில் தண்ணி குடிக்காதே", "அவனோடு சேராதே, அவையள் வேறை ஆக்கள்" என்று இன்றைக்கும் மெதுவாகச் சொல்கிறார்கள். அந்த வசனம் பிள்ளைக்குக் கொடுக்கும் செய்தி என்ன? நேர்மை, இரக்கம், பகிர்வு எல்லாம் எல்லோருக்கும் உரியது இல்லை, எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான். காணாமல் போன பத்து ரூபாய்க்கு முழு வகுப்பும் இடம்பெயர்ந்து வந்த ஒரு பொடியனைக் காட்டியதே, அது அவர்களாகப் பிறக்கும்போது கொண்டுவந்த புத்தி இல்லை. நானும் அதை நம்பினேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த விசயத்தில் எங்களைவிடத் தெளிவு அதிகம் என்று சில சமயம் நினைப்பேன். எலியட் டூரியலும் அவருடைய வழி வந்தவர்களும் முன்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம், "ரீச்சர் பரவாயில்லை என்று சொன்னால் சீருடை இல்லாமல் வரலாமா?" என்ற மாதிரிக் கேட்பார்கள். வரலாம் என்பார்கள். "ரீச்சர் பரவாயில்லை என்றால் மற்றப் பிள்ளைக்கு அடிக்கலாமா?" கூடாது, அவனுக்கு நோகும் என்பார்கள். ஊர் வழக்கமும் நோகடிப்பதும் வேறுவேறு என்று மூன்று, நாலு வயதிலேயே தெரிகிறது. இந்தக் கோடு எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பதும் உண்மை. ரிச்சர்ட் ஷ்வேடர் என்பவர் ஒடிசாவின் புவனேஸ்வரில் விசாரித்தபோது, வெளியூரார் வெறும் வழக்கம் என்று நினைக்கும் பலவற்றை அங்கே பிள்ளைகளும் பெரியவர்களும் பெரும் பாவமாகச் சொன்னார்கள். எங்கள் பாடும் அப்படித்தான். ஆனால் வகுப்பறையில் நான் கண்ட கரைச்சல் வேறு. ரிபன் கட்டாமல் வந்ததற்கும், சப்பாத்து ஊத்தையாக இருந்ததற்கும், கையெழுத்துக் கோணலாகப் போனதற்கும், ஒருவனைத் தள்ளி விழுத்தியதற்கும் நாங்கள் ஒரே கோபத்தைத்தான் காட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம் என்றால் எது பாரமானது என்று பிள்ளை எப்படி நிறுப்பது?

இனித் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது, ஆனால் யாழ்ப்பாணத்தில் தரம் 3 இலேயே அதன் சூடு தெரியும். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று வந்த ஏற்பாடு. இன்றைக்கு அது பத்து வயதுப் பிள்ளை எழுத, பெற்றோர் பாஸ் பண்ணும் சோதனை. 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்டால் 2.30க்கு ரியூசன். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையின் படம் சந்தியில் பதாகையாகத் தொங்கும். எடுக்காத பிள்ளை அந்தச் சந்தியால்தான் தினமும் போக வேண்டும். "உன்ர கொப்பியை அவளுக்குக் காட்டாதே" என்று தாய் சொல்லிவிட்டதாக ஒரு பிள்ளை என்னிடமே சொன்னது. பகிர்ந்து உண் என்று காலையில் பாடமாக்கியது, பின்னேரம் கொப்பியை ஒளிக்கிறது. 2024 செப்டெம்பர்ப் பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியான சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை போனதை அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். புள்ளிதான் உன் மதிப்பு என்று ஒரு பிள்ளைக்கு நாளாந்தம் காட்டினால், புள்ளிக்காக அது செய்யும் எதையும் பார்த்து நாங்கள் அதிசயப்படக் கூடாது.

ரியூசனால் போன இன்னொன்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை: விளையாட்டு. பியாஜே ஒழுக்கத்தைப் படிக்கத் தொடங்கியது கோயிலிலோ வகுப்பறையிலோ இல்லை, சுவிஸ் பொடியள் போளை அடிக்கும் இடத்தில். விதி என்பது பெரியவர் மேலிருந்து இறக்கியது என்று நினைக்கும் பிள்ளை, சரிநிகர் கூட்டாளிகளோடு விளையாடி, சண்டை பிடித்து, "இப்படி வைப்போம்" என்று தாங்களே விதி வைக்கும்போதுதான் விதி ஏன் வேண்டும் என்று விளங்கிக் கொள்கிறது என்றார். எங்கள் கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவர் இல்லை. கை பட்டதா இல்லையா என்று பட்டவனே சொல்ல வேண்டும். ஒருநாள் அளாப்பலாம், இரண்டு நாள் அளாப்பலாம். மூன்றாம் நாள் யாரும் சேர்க்க மாட்டார்கள். மன்றாடி, "இனி அளாப்பேல்லை" என்று சத்தியம் பண்ணித் திரும்ப உள்ளே வரவேண்டும். அங்கே உண்மை சொன்னால் ஒரு ஆட்டம்தான் போகும், பொய் சொன்னால் பின்னேரமே போய்விடும். விலை சரியாக இருந்தது. வாசிகசாலைக்குப் பக்கத்து வெறும் வளவில் பெரியவர் ஒருவரும் இல்லாமல் இந்த வேலை நடந்தது. இன்று அந்த வளவுகளுக்கு மதில் கட்டியாயிற்று, பிள்ளைகளுக்கும் நேரம் இல்லை.

போன் பற்றிக் கேட்டீர்கள். கொரோனாக் காலத்தில் வகுப்பு வட்ஸ்அப்பில் நடந்தபோது கைக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை. கூடுதலாகப் பார்க்க விடாதீர்கள், தனியே பார்க்க விடாதீர்கள். இதற்கு மேல் சொல்லப் பெரிதாக இல்லை. பென்சில் பெட்டியை எடுக்கச் சொன்னது யூரியூப் இல்லை.

எங்கள் தலைமுறையில் இன்னொரு பழக்கமும் கிடக்கிறது. இங்கே நீண்டகாலம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்தியதைக் கூட்டு மனவடு என்று எழுதினார். ஆளை ஆள் நம்பாமை, வாய் திறவாமை அதில் ஒரு பகுதி. சோதனைச் சாவடியில் "எனக்குத் தெரியாது" என்பதுதான் உயிர் காத்த பதில். உங்கள் வயதுக்காரர் பலர் அந்தப் பதிலைச் சின்ன வயதில் வீட்டிலேயே பழகினீர்கள், பிழை சொல்ல முடியாது. போர் முடிந்து 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது தேவையில்லை. ஆனாலும் கேள்வி கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு "தெரியாது" என்பது சில வீடுகளில் சொத்து மாதிரி இறங்கி வந்திருக்கிறது.

சரி, நாளைக்கு என்ன செய்வது?

விசாரணையை நிறுத்துங்கள். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது பொறி வைப்பது. "நீயா எடுத்தாய்?" என்று இனிக் கேட்க வேண்டாம். "பெட்டி உன்ர பையில் இருந்தது. அது அவனுடையது. எப்படிக் குடுக்கப் போறாய்?" என்று கேளுங்கள். அடுத்த தரம் உண்மையில் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டி வந்தால், கேட்பதற்கு முதல் "உண்மை சொல்லுவேன் எண்டு சொல்லு" என்று வாக்கு வாங்குங்கள். சின்ன விசயம் போலத் தெரியும். அப்படி வாக்குக் கொடுத்த பிள்ளைகள் குறைவாகப் பொய் சொல்வதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உண்மை சொன்னால் தகப்பன் கையை ஓங்கக் கூடாது. அதை அவரிடம் தனியே பேசி முடித்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் வாக்கு வாங்கியதும் இன்னொரு பொறியாகிவிடும். பிழைக்குத் தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பிக் கொடுப்பதும், உடைந்திருந்தால் தன் உண்டியல் காசில் வாங்கிக் கொடுப்பதும் தண்டனைதான். திருப்பிக் கொடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவேன் என்றும் பேரம் பேசாதீர்கள். ஜெர்மனியில் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்ததில், உதவி செய்ததற்கு விளையாட்டுப் பொருள் கிடைத்த குழந்தைகள் பிறகு பொருள் இல்லாதபோது உதவுவதைக் குறைத்துக்கொண்டன.

காலைப் பிரார்த்தனைக்கு முதல், வகுப்பில் ஆட்கள் சேர முன்னம் கூட்டிக்கொண்டு போங்கள். ரீச்சரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். வகுப்புக்கு முன்னால் நிறுத்த வேண்டாம் என்று கேளுங்கள். கொடுப்பது அவன் கையால் இருக்க வேண்டும். நீங்கள் வாசலில் நின்றால் போதும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பெட்டி எப்படிப்பட்டது? ஒரு வகுப்பில் கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பிய, அமத்தினால் திறக்கும் காந்தப் பெட்டியும் இருக்கும், சீவிச் சீவி விரலளவு வந்த பென்சிலும் இருக்கும். ஒரு பெட்டிக்குள் எத்தனை பென்சில், கட்டர் எங்கே ஒளிந்திருந்தது, மூடி எப்படித் திறந்தது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள், கோபம் இல்லாமல். ஏன் எடுத்தான் என்று அவன் சொல்ல மாட்டான்; பெட்டியைப் பற்றிச் சொல்வான். அவன் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.